கலோரி: பொருளா, அளவையா?

சென்ற தவணையில் ஆறாம் ஆண்டு மாணவர்களின் அறிவியல் பயிற்சி நூல்களைப் பார்வையிட்டுக் கொண்டிருந்தபோது ஒரு விடை என் கண்ணை உறுத்திற்று. 'நல்ல உணவு என்பது யாது?' என்பது வினா. 'கலோரி இல்லாத உணவே நல்ல உணவு' என்று ஒரு சிறுமி அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். அதற்கு நேரே சிவப்பு மையில் 'சரி' என்னும் குறி இருந்தது. அந்தச் சிறுமி சில வாரங்களாக, வீட்டிலிருந்து கொண்டுவரும் சோற்றில் பாதிக்குமேல் கொட்டிவிடுகிறாள் என்பது விசாரித்த பிறகே தெரிய வந்தது.

திருத்திய ஆசிரியையைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. நானே பல ஆண்டுகள் கரும்பலகையில், மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, வைட்டமின் என்று வரிசையாக எழுதி, அவற்றின் அடியில் 'கலோரி' என்றும் எழுதியவன். அப்படி எழுதினால் பிள்ளை என்ன நினைக்கும்? உப்பைப் போல, சீனியைப் போல, கலோரி என்றும் ஒரு சரக்கு உணவுக்குள் கலந்திருக்கிறது என்று நினைக்கும். அது கெட்ட சரக்கு என்று பெரியவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால், அதை நீக்கிவிட்டு உண்ண வேண்டும் என்றும் நினைக்கும். 2019ஆம் ஆண்டில் நம் நாட்டில் எடுக்கப்பட்ட தேசிய உடல்நல ஆய்வின்படி, பெரியவர்களில் பாதிப்பேர் அளவுக்கு மிஞ்சிய எடையுடையவர்கள். நீரிழிவு நோய் இல்லாத வீடு நம்மவரிடையே அரிது. ஆகவே வீட்டில் கலோரியைப் பற்றி அச்சத்தோடு பேசுவது இயற்கையே. ஆனால் அச்சம் வேறு, அறிவு வேறு.

கலோரி என்பது பொருளன்று, அளவை. துணியை முழத்தால் அளக்கிறோம். துணிக்குள் முழம் என்று ஒரு நூலிழை இருக்கிறதா? இல்லை. எண்ணெயை லிட்டரால் அளக்கிறோம். எண்ணெய்க்குள் லிட்டர் என்று ஒன்று மிதப்பதில்லை. அவ்வாறே உணவு உடலுக்குத் தரவல்ல சக்தியை அளப்பதற்கு மனிதன் வைத்துக்கொண்ட அளவையே கலோரி. ஒரு கிலோகிராம் தண்ணீரின் வெப்பத்தை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்துவதற்கு எவ்வளவு சக்தி வேண்டுமோ, அவ்வளவே உணவுக் கணக்கில் ஒரு கலோரி.

உணவை அளப்பதற்குத் தண்ணீரையும் வெப்பத்தையும் ஏன் இழுத்தார்கள் என்று மாணவர் கேட்பர். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை காண இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

கினிப்பன்றியும் கப்பல் வைத்தியரும்

பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியரும் கணித மேதை லாப்லாசும் 1782-83ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஒரு கருவி செய்தனர். கலத்துக்குள் கலம், நடுவில் ஒரு கினிப்பன்றி, அதனைச் சுற்றிலும் பனிக்கட்டி. அச்சிறு பிராணியின் உடற்சூட்டினால் எவ்வளவு பனிக்கட்டி உருகி வடிகிறது என்று எடை பார்த்தனர். அது மூச்சில் வெளிவிடும் கரியமில வாயுவையும் அளந்தனர். பிறகு அதே அளவு கரியமில வாயு வெளிவரும்படி கரியை எரித்தால் எவ்வளவு பனி உருகும் என்று ஒப்பிட்டனர். இரண்டும் ஏறக்குறைய ஒத்து நின்றன. உயிர் மூச்சு விடுவதும் விளக்கு எரிவதும் அடிப்படையில் ஒரே செயல். ஒன்று மெல்ல நடப்பது, மற்றது விரைந்து நடப்பது. இம்முடிவுக்கு அவர் வந்தார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெப்பம் என்பதே ஒரு பொருள் என்றுதான் லவாய்சியரும் நம்பினார். கண்ணுக்குத் தெரியாத, எடையில்லாத ஒரு திரவம் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு ஓடுவதாக எண்ணி, அதற்குக் 'கலோரிக்' என்று பெயரிட்டார். 1789இல் வெளியிட்ட நூலில் மூலப்பொருள்களின் பட்டியலில் பிராணவாயுவோடு அதனையும் சேர்த்தார். ஆக, நம் பள்ளிச் சிறுமி செய்த பிழை, வேதியியலின் தந்தை எனப்படுபவரும் செய்த பிழைதான்! 1798இல் ரம்போர்டு என்பவர் மியூனிக் நகரில் பீரங்கிக் குழாய் துளைக்கும்போது, துளைத்துக் கொண்டிருக்கும்வரை வெப்பமும் வந்துகொண்டே இருப்பதைக் காட்டினார். பொருளாயின் ஒரு நாளாவது தீர்ந்து போக வேண்டுமல்லவா? அந்தக் 'கலோரிக்' பின்னர் ஒழிந்தது. பெயரின் சாயல் மட்டும் அளவைக்கு நின்றுவிட்டது.

அடுத்த நிகழ்ச்சி நமக்கு அண்டையிலேயே நடந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த ராபர்ட் மேயர் என்னும் இளம் வைத்தியர், டச்சுக் கப்பலொன்றில் பணியேற்று 1840இல் ஜாவாவுக்கு வந்தார். சுரபாயாவில் கப்பலாட்களுக்கு நோய் கண்டது. அக்கால வழக்கப்படி அவர்களுடைய நாளத்தைக் கீறி இரத்தம் எடுத்தார். நாளத்து இரத்தம் கருஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அங்கோ அது செக்கச்செவேலென்று வந்தது. தமனியைத்தான் தவறிக் கீறிவிட்டோமோ என்று அவர் திடுக்கிட்டார். வெப்ப நாடுகளில் இது வழக்கமே என்று அறிந்தபின் சிந்திக்கலானார். இங்கே உடலைச் சூடாக வைத்திருக்க அதிகம் எரிக்க வேண்டியதில்லை. ஆகவே இரத்தத்தில் பிராணவாயு மிஞ்சுகிறது என்று எண்ணினார். அங்கிருந்து அவர் மனம் தாவிய இடமே பெரிது. உண்ட உணவு உடற்சூடாகவும் மாறுகிறது, உழைப்பாகவும் மாறுகிறது; அப்படியானால் சூடும் உழைப்பும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளக் கூடியவை, அவற்றுக்கிடையே மாறாத ஒரு விகிதம் இருக்க வேண்டும் என்று 1842இல் எழுதினார். அதே பத்தாண்டில் இங்கிலாந்தில் ஜூல் என்பவர் அந்த விகிதத்தைச் சோதனையால் துல்லியமாக அளந்தார். அவர் பெயரால்தான் இன்று 'ஜூல்' என்னும் அளவை வழங்குகிறது. ஓர் உணவுக் கலோரி ஏறக்குறைய 4,184 ஜூல். பொட்டலங்களின் மீது இரண்டு எண்கள் அச்சிட்டிருப்பதன் காரணம் இதுவே.

ஒரு குவளைப் பனிநீர்

எங்கள் பள்ளியில் படித்து, இப்போது இடைநிலைப் பள்ளியில் நான்காம் படிவத்தில் இருக்கும் மாணவன் ஒருவன் ஒரு நாள் மாலை கணக்கொன்றோடு வந்தான். "ஐயா, ஒரு கிராம் தண்ணீரை ஒரு பாகை உயர்த்த ஒரு கலோரி என்று பழைய பௌதிக நூலில் இருக்கிறது. நான் 5 பாகைக் குளிரில் 250 கிராம் பனிநீர் குடித்தால், உடம்பு அதை 37 பாகைக்குக் கொண்டுவர வேண்டும். 250ஐ 32ஆல் பெருக்கினால் 8,000 கலோரி. ஒரு ரொட்டி சானாய் 300 கலோரி என்கிறார்கள். அப்படியென்றால் ஒரு குவளைப் பனிநீர் குடித்துவிட்டு இருபத்தாறு ரொட்டி சாப்பிடலாமே!" என்றான்.

பெருக்கல் சரி. முடிவு நகைப்புக்கு இடமானது. எங்கே பிசகு?

கலோரி என்னும் பெயரில் இரண்டு அளவைகள் உலவுகின்றன. 1820களில் பாரிசில் கிளெமான் என்பவர் வகுத்தது கிலோகிராம் தண்ணீரைக் கொண்டது. பின்னர் வந்த பௌதிக வேதியியல் அறிஞர்கள் சிலர் கிராம் தண்ணீரைக் கொண்டு அதே பெயரை வழங்கினர். பெரியது சிறியதைப்போல் ஆயிரம் மடங்கு. உணவைப் பற்றிப் பேசுவோர் பெரியதையே கொண்டனர். ஐயம் நீங்க 'கிலோகலோரி' என்று சொல்வதே முறை. நம் நாட்டுப் பொட்டலங்களிலும் 'கேசிஏஎல்' என்றே சுருக்கி அச்சிடுகின்றனர். பேச்சில் மட்டும் 'கிலோ' உதிர்ந்துவிடுகிறது. மாணவன் கணக்கிட்ட 8,000 சிறிய கலோரி என்பது 8 பெரிய கலோரிதான். இரண்டு கிராம் சீனிக்கு ஈடு. இதைச் சொன்னதும் அவன் முகம் வாடியதைக் காண எனக்கே இரக்கமாக இருந்தது.

எப்படி அளக்கின்றனர்?

உணவின் சக்தியை அளக்க ஒரு கெட்டியான எஃகுக் கலம் உண்டு. 1880களின் தொடக்கத்தில் பெர்த்தலோ என்னும் பிரெஞ்சு அறிஞர் அமைத்தது. உலர்ந்த உணவை அதனுள் வைத்து, பிராணவாயுவை அழுத்தி நிரப்பி, கலத்தைத் தண்ணீரில் அமிழ்த்தி, மின்கம்பியால் பற்றவைப்பார்கள். உணவு நொடியில் எரிந்து சாம்பலாகும். சுற்றியுள்ள தண்ணீர் எத்தனை பாகை ஏறிற்று என்று பார்த்தால் கணக்கு முடிந்தது. வெப்பத்தையும் தண்ணீரையும் ஏன் இழுத்தார்கள் என்னும் கேள்விக்கு விடையும் இதுவே.

ஆனால் நம் வயிறு எஃகுக் கலமன்று. விறகுத்துண்டை அக்கலத்தில் இட்டாலும் நிறையக் கலோரி காட்டும். அதனைத் தின்று ஒருவன் வாழ முடியுமா? இந்த இடைவெளியை நிரப்பியவர் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், மிடில்டவுன் நகரத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அட்வாட்டர். 1890களில் அவரும் ரோசா என்னும் பௌதிக அறிஞரும் சேர்ந்து, ஒரு மனிதன் உள்ளே இருந்து உண்டு, உறங்கி, வேலை செய்யும்படியான அறையொன்றைக் கட்டினர். அவன் உடலிலிருந்து வரும் வெப்பத்தைக் குழாய்களில் ஓடும் தண்ணீர் ஏந்திச் செல்லும். அவன் உண்டதும், மூச்சில் விட்டதும், கழித்ததும் யாவும் அளக்கப்பட்டன. நாட்கணக்கில் உள்ளே இருந்த அந்த மனிதர்களின் பொறுமையை நான் வியக்கிறேன். உள்ளே சென்ற சக்தியும் வெளியே வந்த சக்தியும் மிக நெருங்கிச் சரியாயின. விளக்குக்குரிய சட்டமே மனிதனுக்கும் என்பது ஐயமற நிலைபெற்றது.

அட்வாட்டர் கண்ட எண்களை ஆசிரியர்கள் மனத்தில் கொள்ளலாம். எஃகுக் கலத்தில் ஒரு கிராம் கொழுப்பு 9.4 கலோரி தரும். அதில் ஏறக்குறைய நூற்றுக்கு 95 பங்கே செரிக்கிறது, ஆகவே 9. மாவுச்சத்து கலத்தில் 4க்குச் சற்று மேல். செரிமானத்தில் சிறிது போக 4. புரதத்தின் கதை சுவையானது. கலத்தில் அது 5.65 காட்டும். உடலோ அதனை முழுதும் எரிப்பதில்லை. ஒரு பகுதியை யூரியாவாகச் சிறுநீரில் விட்டுவிடுகிறது. அதற்காக 1.25ஐக் கழித்தால் 4.4, செரிமான இழப்பும் போக 4. இவ்வாறு பிறந்தவையே 4, 9, 4 என்னும் எண்கள். நூறு கிராம் பிஸ்கட்டில் மாவுச்சத்து 70 கிராம், கொழுப்பு 18, புரதம் 7 என்று போட்டிருந்தால், 280, 162, 28 ஆகக் கூட்டி 470 கலோரி என்று ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையே சொல்லிவிடும். பொட்டலத்தைத் திருப்பிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். கணக்கும் அறிவியலும் ஒரே வேளையில் நடக்கும். 'நூறு கிராமுக்கு' என்றும் 'ஒரு பரிமாறலுக்கு' என்றும் இரண்டு பத்திகள் இருப்பதை அப்போதே அவர்கள் கவனிப்பார்கள். பெற்றோர் பலர் கவனிப்பதில்லை.

மதுவுக்கும் ஓர் எண் உண்டு: கிராமுக்கு 7. உடல் மதுவையும் எரித்துச் சக்தியாக்குகிறது என்று அட்வாட்டர் காட்டியதும், மதுவிலக்குச் சங்கத்தார் அவர்மேல் பாய்ந்தனர். நம் தோட்டங்களில் கள்ளுக்கடை இருந்த காலத்தில், 'கள் உடம்புக்குச் சத்து' என்று சொல்லிக் குடித்தவர்களை நான் அறிவேன். சம்சு குடித்தவர்களும் அதையே சொன்னார்கள். சக்தி உண்டு என்பது மெய். சத்து என்பது வேறு. இவ்விரண்டு சொற்களையும் நாம் வகுப்பில் மாற்றி மாற்றி வழங்குவதே பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

4, 9, 4 என்பவை சராசரி எண்களே என்பதையும் மறத்தலாகாது. 2012இல் அமெரிக்க வேளாண்மைத் துறை விஞ்ஞானிகள் பாதாம் பருப்பை ஆட்களுக்குக் கொடுத்துச் சோதித்தனர். 28 கிராமுக்கு 170 கலோரி அளவில் தரும் என்று பழைய கணக்குச் சொல்ல, உடல் உண்மையில் பெற்றது 129 மட்டுமே. பருப்பின் கெட்டியான நார்ச்சுவர்களுக்குள் அடைபட்ட எண்ணெயில் ஒரு பகுதி செரிக்காமலே வெளியேறிவிடுகிறது. ஆகவே பொட்டலத்தில் 471 என்று அச்சிட்டிருந்தால் அந்தக் கடைசி ஒன்றைப் பெரிதாக நம்ப வேண்டியதில்லை.

பத்துமலைப் படிகள்

இந்தச் சக்தி எங்கே செலவாகிறது? பத்துமலையில் 272 படிகள் உள்ளன. ஒரு படியின் உயரம் 17 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 46 மீட்டர். 60 கிலோ எடையுள்ள ஒருவர் தம் உடலை அவ்வளவு உயரம் தூக்க வேண்டிய சக்தி சுமார் 6.5 கலோரி. தசைகள் தாம் செலவிடும் சக்தியில் நாலில் ஒரு பங்கையே வேலையாக்கும். மிச்சம் வியர்வை தரும் சூடாகப் போகும். ஆகவே செலவு 26 கலோரி. மூச்சிரைக்க ஏறி முருகனைத் தரிசித்த புண்ணியவான், ஒன்றரைத் தேக்கரண்டிச் சீனியைத்தான் எரித்திருக்கிறார்! கீழே இறங்கிவந்து இரண்டு மேசைக்கரண்டிக் கெட்டிப்பால் ஊற்றிய தேநீரைக் குடித்தால், அந்தப் பாலில் மட்டும் 130 கலோரி. ஐந்து முறை ஏறிய செலவு ஒரு குவளையில் திரும்பிவிட்டது.

அப்படியானால் நாளொன்றுக்கு உண்ணும் 2,000 கலோரி என்ன ஆகிறது? பெரும்பகுதி நாம் சும்மா இருக்கும்போதே செலவாகிறது. இதயம் அடிக்கிறது, மூளை விழித்திருக்கிறது, ஈரலும் சிறுநீரகமும் ஓய்வதில்லை. நாள் முழுவதற்குமாகப் பகுத்துப் பார்த்தால், ஒரு மனிதன் பழைய காலத்து நூறு வாட் மின்விளக்கொன்றுக்கு நிகராக எரிந்துகொண்டிருக்கிறான். வளரும் பிள்ளைக்கு இதற்குமேல் எலும்பும் தசையும் கட்டும் செலவும் இருக்கிறது. சோற்றைக் கொட்டிவிட்டு வகுப்பில் வந்து உட்காரும் சிறுமி எதைக் குறைத்துக்கொள்கிறாள் என்பதை ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சக்தியை அளக்கும் கோல் நலத்தை அளக்குமா? இதற்கு மலாயாவின் வரலாறே விடை சொல்லியிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இந்நாட்டில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. கால் மரத்துப்போகும், வீங்கும், இறுதியில் இதயம் நிற்கும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்களையே அது மிகுதியும் தாக்கியது. தோட்டத்துத் தமிழரிடம் அது அரிதாகவே காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் அரசாங்க வைத்தியராக இருந்த பிராடன் காரணத்தைத் தேடினார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, தவிடு நீங்கத் தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. 1907இல் வெளியிட்ட நூலில் அவர் இதனை விரிவாக எடுத்துரைத்தார். ஆயினும் கெட்டுப்போன அரிசியில் ஏதோ நஞ்சு இருப்பதாகவே அவர் கருதினார்.

பிளெட்சர் என்னும் வைத்தியர் 1905-06இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இருந்தவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டவர்களில் பலர் நோயுற்றனர், இறந்தோரும் உண்டு. புழுங்கலரிசிப் பிரிவில் நோய் புதிதாகத் தோன்றவில்லை. அந்த ஏழைகளின் சம்மதத்தை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். இன்று அப்படியொரு சோதனை செய்ய எந்த நாடும் இடந்தராது. பின்னர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டேன்டனும் நெகிரி செம்பிலான் காட்டில் சாலைபோட வந்த ஜாவாத் தொழிலாளரிடையே இதையே மேலும் தெளிவாகச் செய்தனர். இரு கூட்டத்தாரின் அரிசியை இடம் மாற்றியபோது நோயும் இடம் மாறியது. அரிசியில் நஞ்சு இல்லை. தீட்டும்போது ஏதோ ஒன்று தவிட்டோடு போய்விடுகிறது என்பது புலனாயிற்று. அந்த ஒன்றை 1926இல் ஜாவாவின் பத்தேவியா நகரில் ஜான்சன், டோனாத் என்னும் இருவர் பிரித்தெடுத்தனர். வைட்டமின் பி1 என்று நாம் இன்று சொல்வது அதுவே.

பச்சரிசியும் புழுங்கலரிசியும் கலோரியில் ஏறத்தாழ ஒன்றே. எஃகுக் கலத்தில் இட்டு எரித்தால் இரண்டும் தண்ணீரை ஒரே அளவு சூடாக்கும். ஆனால் மாவுச்சத்தை உடல் எரிப்பதற்கே வைட்டமின் பி1 வேண்டும். அது இல்லாவிட்டால் அடுப்பு நிறைய விறகு இருந்தும் தீக்குச்சி இல்லாத நிலைதான். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அந்த வைட்டமின் தவிட்டிலிருந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் பெரும்பகுதி தங்குகிறது. நம் பாட்டிமார் கலோரியும் அறியார், வைட்டமினும் அறியார். புழுங்கலரிசியை விடாமல் வைத்திருந்தனர், அவ்வளவே.

நல்ல உணவுக்குக் கலோரியே கூடாது என்று எழுதிய அந்தப் பயிற்சி நூலுக்கு வருவோம். ஆசிரியையும் நானும் பேசியபின் சிவப்புக் குறியை அடிக்கவில்லை. அதன்கீழே, 'கலோரியே இல்லாத உணவு ஒன்றைக் கூறுக' என்று மற்றொரு வினாவை எழுதி, வகுப்பு முழுவதற்கும் விட்டோம். பிள்ளைகள் கீரை என்றனர், வெள்ளரிக்காய் என்றனர். அட்டவணையைப் பார்த்து ஒவ்வொன்றாக நீக்கினர். கடைசியில் பின்வரிசைப் பையன் எழுந்து, "தண்ணீர்தான் டீச்சர்... ஆனா அதையே குடிச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு இருக்கிறது?" என்றான். வகுப்பு சிரித்தது. அந்தச் சிறுமியும் சிரித்தாள்.